பார்க்காத இருட்டை வரைவது

இந்த வருடம் நான் வரைந்தவற்றில் பாதிக்கு மேல் யாரும் கேட்காமல் வரைந்தவை. மதிப்பெண் கிடையாது, கடைசித் தேதி கிடையாது, எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்கும் ஜூரி கிடையாது. பெங்களூரில் ஓவியம் படிக்கிறேன், இறுதியாண்டு. கல்லூரி வேலையைக் குறைவாக நினைத்து இதைச் சொல்லவில்லை. உடற்கூறு வரைந்து வரைந்து, ஸ்டில் லைஃப் வைத்து வைத்து, லித்தோ கல்லை மணிக்கணக்கில் தேய்த்துத்தான் கை பழகியது. ஆனால் அங்கே கேள்வி வேறொருவர் கொடுப்பது, நான் பதில் மட்டும் வரைகிறேன். சொந்த வேலை என்று உட்கார்ந்தால் கேள்வியையும் நானே தேட வேண்டியிருக்கிறது. நாள் போவது அதற்குத்தான்.

என் கேள்வி வீட்டிலேயே இருந்தது. எங்கள் குடும்பம் கோலார் தங்கவயல். இப்போது கே.ஜி.எஃப். என்றால் வடக்கே இருந்து வந்த வகுப்புத் தோழர்களுக்குக்கூடத் தெரிகிறது, சினிமாவின் புண்ணியம். ஊர்தான் யாருக்கும் தெரியவில்லை. 1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற ஆங்கிலேயக் கம்பெனி அங்கே தோண்ட ஆரம்பித்தது. வட ஆற்காடு, சேலம், தர்மபுரி, சித்தூர் பக்கங்களிலிருந்து நிலமில்லாத ஜனங்கள், பெரும்பாலும் தலித் குடும்பங்கள், வேலை தேடிப் போய் லைன் வீடுகளில் குடியேறினார்கள். கர்நாடகத்துக்குள் ஒரு தமிழ் ஊர் அப்படித்தான் உண்டானது. 1902-இல் காவிரியின் சிவனசமுத்திரத்தில் எடுத்த மின்சாரம் முதலில் போனது அந்தச் சுரங்கத்துக்கு. பெங்களூர்த் தெருவிளக்குக்கு அது வந்து சேர்ந்தது 1905-இல். ஏறக்குறைய 120 வருடத்தில் சுமார் 800 டன் தங்கம் எடுத்தார்கள். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடிவிட்டார்கள்.

நான் பிறந்தது அதற்குப் பிறகு. தாத்தா முப்பது வருடத்துக்கு மேல் இறங்கி ஏறிய இடத்தை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை, இனி யாரும் பார்க்கவும் முடியாது. உள்ளே தண்ணீர் நிரம்பிவிட்டது. மேலே நிற்கும் இரும்பு ஷாஃப்ட் கோபுரங்களை எவ்வளவு வேண்டுமானாலும் வரையலாம், அவை நன்றாகவே வரும், துருப்பிடித்த இரும்பு எந்த ஓவியனையும் ஏமாற்றாது. ஆனால் எங்கள் வீட்டில் பேசப்பட்டது எல்லாம் கீழே நடந்தது. பார்க்காத ஒன்றை, சொல்லக் கேட்டதை மட்டும் வைத்து வரைய முடியுமா? இதுதான் கேள்வி.

அதற்குப் போகும் முன் ரயிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், என் கை முதலில் பழகியது அங்கேதான். மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குத் தினமும் ரயில் வருகிறது. சுரங்கம் மூடியபின் ஊரே அந்த ரயிலில் ஏறிவிட்டது என்று சொல்லலாம். சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இருட்டோடு இருட்டாக ஏறுவார்கள். பங்காருப்பேட்டை தாண்டினால் நிற்க இடம் இருக்காது. கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகிறவர்கள், செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், கட்டட வேலை, வைட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் கம்பெனி என்று எல்லோரும் ஒரே பெட்டியில். கல்லூரியில் சேர்ந்த புதிதில் நானும் அதில்தான் வந்து போனேன். இப்போது வாரநாட்களில் அல்சூரில் அத்தை வீட்டில் இருக்கிறேன், சனிக்கிழமை ஊருக்குப் போகும்போது மட்டும் ரயில்.

அந்த ரயிலில் பென்சில் வேலைக்கு ஆகாது. மழுங்கும், சீவ இடமிருக்காது, பக்கத்து ஆள் கை பட்டுத் தேய்ந்துவிடும். பால்பாயின்ட் பேனாதான் சரி. ஆடுகிற பெட்டியில் ஒரு கோட்டை நினைத்தபடி இழுக்க முடியாது, ரயில் அதைத் தன் பக்கம் இழுக்கும். மாலூருக்கு முன்னால் தண்டவாளம் மாறும் இடத்தில் வரைந்த காது ஒன்று இருக்கிறது, அது காதாகவும் இருக்கிறது, அந்த அதிர்வாகவும் இருக்கிறது. அழிக்க முடியாத பேனாவை வைத்துக்கொண்டு வரையும்போது தவறிய கோட்டின் பக்கத்திலேயே சரியான கோட்டைப் போட்டாக வேண்டும், இரண்டும் சேர்ந்து நிற்கும். அசையும் ஆளுக்கு அதுவே பொருத்தமாக அமைந்துவிடுகிறது. கே.எம். ஆதிமூலத்தின் கறுப்பு வெள்ளைக் கோட்டோவியங்களை, குறிப்பாக 1969-இல் காந்தி நூற்றாண்டை ஒட்டி அவர் வரைந்த காந்திகளை, அச்சில் பார்த்தபோதுதான் இது எனக்கு உறைத்தது. ஒரு முகத்துக்கு எத்தனை கோடு வேண்டும் என்பதை அந்த முகம் தீர்மானிப்பதில்லை, வரைகிறவரின் கை எவ்வளவு வேகத்தில் நம்புகிறது என்பதே தீர்மானிக்கிறது.

தூங்குகிறவர்களைத்தான் அதிகம் வரைந்தேன். விழித்திருப்பவர்கள் கேட்பார்கள், சிலர் ஆசையோடு போஸ் கொடுப்பார்கள், அப்போது முகம் வேறாகிவிடும். தூங்கும் ஒருவரைக் கேட்காமல் வரைவது சரியா என்று நிறைய யோசித்து, ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன்: விழித்ததும் காட்டுவேன். வேண்டாமென்றால் பக்கத்தைக் கிழித்துக் கையில் கொடுத்துவிடுவேன். கொஞ்ச நாளில் முகத்தைவிடக் கைகள் என்னை அதிகம் இழுக்க ஆரம்பித்தன. டிபன் பையின் காதை விடாமல் பிடித்துக்கொண்டு தூங்கும் கை, கம்பியில் தொங்கியபடியே தூங்கும் கை. பால்பாயின்ட் மை வெயிலில் வெளுத்துப்போகும், சுவரில் மாட்டினால் சில வருடத்தில் பழுப்புக் கோடுதான் மிஞ்சும். அதனால் அந்த நோட்டுகள் மூடியே இருக்கின்றன. கேட்பவர்களுக்குத் திறந்து காட்டுவதோடு சரி. அப்படி இருப்பதும் எனக்குப் பிடித்திருக்கிறது.

இனி இருட்டு.

"அங்க இன்னா கீது வரையறதுக்கு? இருட்டுதான்" என்றார் தாத்தா. நான் கேட்ட முதல் நாளே சொன்ன பதில் இது. ஆயா அதற்கு மேல்: "எழுந்து வந்தாரே, அத்த வரைஞ்சிக்கோ." இரண்டு பேரும் சொன்னதில் விஷயம் இருக்கிறது என்று இப்போது தெரிகிறது.

முதலில் கரியை எடுத்தேன். எல்லோரும் எடுப்பார்கள், சுரங்கம் என்றால் சார்கோல்தான் கைக்கு வரும். காகிதம் முழுக்கக் கறுப்பாக்கி, அழிரப்பரால் வெளிச்சத்தைத் துடைத்து எடுத்தேன். பார்க்க அழகாக இருந்தது, ஆனால் அது நிலக்கரிச் சுரங்கம் மாதிரி இருந்தது. தாத்தா பார்த்துவிட்டு, அங்கே பாறை கறுப்பே இல்லை என்றார். சாம்பல் நிறம், நீலம் ஓடும் சாம்பல், நடுவில் வெள்ளைக் குவார்ட்ஸ். கறுப்பாக இருந்தது காற்றுதான். இந்த ஒரு வரி என் மொத்த வேலையையும் திருப்பிவிட்டது. இருட்டு பொருளில் இல்லை, பொருள்களுக்கு நடுவில் இருக்கிறது. கரி எல்லாவற்றையும் கறுப்பாக்குகிறது, எனக்கு வேண்டியது வெளிச்சம் பட்ட இடம் தவிர மற்றதை விழுங்கும் ஒரு முறை.

சுரங்கத்தின் பழைய புகைப்படங்களைப் பார்த்தேன். கீழே எடுத்தவையும் உண்டு. அவற்றைப் பார்த்து வரையலாமே என்று வகுப்பில் சொன்னார்கள். ஆனால் அந்தப் படங்கள் ஃபிளாஷ் போட்டு எடுத்தவை. கூரை முதல் தரை வரை, மரத் தாங்குகட்டை முதல் கல்லின் கூர்மை வரை எல்லாம் தெரிகிறது. அங்கே நின்ற யாரும் அதைப் பார்த்ததே இல்லை. தொப்பி விளக்கு எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்த வட்டம் மட்டும்தான் அவர்களுடைய உலகம். முகத்தைத் திருப்பினால் இருந்த சுவர் போய்விடும். புகைப்படம் பொய் சொல்லவில்லை, அது மேலே இருந்து இறங்கிய ஒருவரின் கண். எனக்கு வேண்டியது ஷிஃப்ட் முழுக்க அங்கே இருந்தவரின் கண்.

உழைப்பாளியை வரைவது என்றதும் நம் மனதில் வரும் படம் ஒன்று உண்டு. சென்னை மெரினாவில் தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்த உழைப்பாளர் சிலை, 1959-இல் நிறுவப்பட்டது. நான்கு பேர் சேர்ந்து பாறையை நெம்புகிறார்கள், முதுகும் தொடையும் இறுகி நிற்கின்றன. அந்தச் சிலையை நான் மதிக்கிறேன், ஒவ்வொரு முறை சென்னை போகும்போதும் சுற்றி வந்து பார்க்கிறேன். ஆனால் தாத்தாவின் வேலை நிமிர்ந்து நின்று செய்தது இல்லை. குனிந்து, உட்கார்ந்து, சில இடங்களில் படுத்து. ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும், காற்றைக் குளிர்வித்துக் கீழே அனுப்புவார்கள். உடம்பு அங்கே வீரமாக நிற்காது, தன்னைச் சுருக்கிக்கொண்டு இடம் கொடுக்கும்.

அப்படிச் சுருங்கிய உடம்புகளை வரைந்த ஒருவர் இருக்கிறார் என்று நூலகத்தில் கண்டுபிடித்தேன். ஹென்றி மூர். பெரிய பெரிய கற்சிலைகளுக்காக அறியப்பட்டவர். இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பகுதியின் காசில்ஃபோர்டில் பிறந்தவர், அப்பா வீல்டேல் சுரங்கத்தில் வேலை செய்தவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1941-42-இல், அரசு சார்பில் போர்க்கால ஓவியராக அதே சுரங்கத்துக்குள் இறங்கி வரைந்தார். அப்பா வேலை செய்த இருட்டுக்குள் மகன் நோட்டோடு போகிறார். அதைப் படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது, மறைக்க ஒன்றுமில்லை. அவரால் இறங்க முடிந்தது.

அவர் கையாண்ட முறைதான் எனக்குக் கதவைத் திறந்தது. மெழுகுக் கிரேயானால் முதலில் கோடு போட்டு, அதன்மேல் கறுப்பு நீர்வண்ணத்தைப் பூசுவார். மெழுகு பட்ட இடத்தில் நீர் ஒட்டாமல் விலகும், மற்ற இடம் இருண்டுவிடும். பிறகு பேனாவால் தேவையான இடத்தில் மட்டும் இறுக்குவார். நிலத்தடி ரயில் நிலையங்களில் குண்டுவீச்சுக்குப் பயந்து படுத்திருந்த லண்டன் மக்களையும் அதற்கு முன் இப்படித்தான் வரைந்திருந்தார். குழந்தைகள் கிரேயானும் நீர்வண்ணமும்தான், விலையுயர்ந்த சமாசாரம் எதுவும் இல்லை.

நான் வெள்ளை மெழுகுவர்த்தியை எடுத்தேன். வெள்ளைக் காகிதத்தில் வெள்ளை மெழுகால் வரைந்தால் என்ன வரைகிறோம் என்று நமக்கே தெரியாது. பக்கவாட்டில் விளக்கைச் சாய்த்துப் பார்த்தால் லேசான பளபளப்பு தெரியும், அவ்வளவுதான். வெளிச்சம் படும் இடங்களை எல்லாம் கண்ணால் பார்க்காமல், கையின் நினைவில் போட்டுக்கொண்டே போக வேண்டும். பிறகு நீர் கலந்த டிராயிங் இங்க்கை அகலமான பிரஷ்ஷில் எடுத்து ஒரே வீச்சில் இழுத்தால், தோள், முழங்கால், ஒரு கை, பாறையில் ஒரு கீறல் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். நாம் வரைந்ததையே முதல்முறையாகப் பார்ப்போம். பார்க்காத இடத்தை வரைவதற்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குக் கிடைத்திருக்காது.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சில விஷயங்கள். காகிதம் 300 ஜி.எஸ்.எம். அளவுக்குக் கனமாக இருக்கட்டும், சாதாரண கார்ட்ரிட்ஜ் ஷீட் இங்க் குடித்ததும் அலை அலையாக எழும்பி, பள்ளத்தில் கறுப்பு தேங்கிவிடும். பஞ்சுத் துணிக் கூழில் செய்த ஹேண்ட்மேட் காகிதம் நன்றாகத் தாங்குகிறது, அதன் சொரசொரப்பில் மெழுகு மேடுகளில் மட்டும் பிடிப்பதால் பாறை தானாகவே வருகிறது. மெழுகை லேசாகச் சூடாக்கிக்கொண்டால் அழுத்தமான வெள்ளை, குளிர்ந்த மெழுகால் தேய்த்தால் தூசி மாதிரியான வெள்ளை. முதல் பூச்சு காய்ந்தபின் மறுபடி மெழுகிட்டு இரண்டாம் பூச்சு கொடுத்தால் சாம்பல் நிறங்களும் கிடைக்கும். அந்த நீலச் சாம்பலுக்கு இங்க்கில் துளி இண்டிகோ கலக்கிறேன். காகிதத்துக்கு அவென்யூ ரோடு போவேன். அந்தத் தெருவில் ஒரு கடையில் கிடைக்காததைப் பக்கத்துக் கடைக்காரர் எங்கே என்று சொல்லி அனுப்புவார், தமிழிலோ கன்னடத்திலோ உருதுவிலோ.

தாத்தா ஒவ்வொன்றையும் பார்த்துத் திருத்துவார். அவருக்குக் கலை பற்றிப் பேச்சே கிடையாது. "இந்த ஆளு இப்டி குந்தினா மெஷின் வாய்ல அடிக்கும்" என்பார். டிரில் பிடிக்கும் கையின் முட்டி எங்கே ஊன்ற வேண்டும் என்று தரையில் உட்கார்ந்து காட்டுவார். எண்பது தாண்டிய உடம்பு அந்த நிலையை யோசிக்காமல் எடுக்கிறது. அவரைப் பார்த்து அப்போதே வரைகிறேன், அந்த வரைவிலிருந்து மெழுகுப் படம் செய்கிறேன். ஆக, பார்க்காத இடத்துக்கும் ஒரு மாடல் கிடைத்துவிட்டார். 'பர்ஸ்ட்' பற்றி மட்டும் அவர் அதிகம் பேசமாட்டார். ஆழத்தில் பாறை தன் அழுத்தம் தாங்காமல் வெடிப்பதை அங்கே அப்படிச் சொல்வார்கள், மேலே வீடுகள்கூடக் குலுங்கும். அதை வரையச் சொல்லி நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

இப்போது பொருள்களைப் பற்றி. மிக்ஸட் மீடியா என்று சொல்லிவிட்டு நாணயம், சணல், காபித்தூள், பழைய செய்தித்தாள் எல்லாவற்றையும் ஒட்டிவிட முடியும். எங்கள் வகுப்பிலும் நடக்கிறது, கண்காட்சிகளிலும் நடக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஒரு பொருள் காகிதத்துக்குள் வர வேண்டுமானால் அதற்கு அங்கே ஒரு வேலை இருக்க வேண்டும், மையால் செய்ய முடியாத வேலை.

இதை எனக்குக் கற்றுக் கொடுத்தவை ஷீலா கௌடாவின் வேலைகள். 1957-இல் பத்ராவதியில் பிறந்தவர், பெங்களூரில் ஆர்.எம். ஹடபத் தொடங்கிய கென் ஓவியப் பள்ளியில் படித்தவர். எண்ணெய் வண்ணத்தில் இருந்தவர் 1990-களில் சாணத்துக்கும் குங்குமத்துக்கும் நூலுக்கும் நகர்ந்தார். 2009-இல் வெனிஸ் பியனாலேயில் வைத்த 'பிஹோல்ட்' என்ற படைப்பில் தலைமுடியில் திரித்த கயிறு, ஏறக்குறைய 4 கிலோமீட்டர் நீளத்துக்கு. அதில் கார் பம்பர்கள் தொங்குகின்றன. வெளிநாட்டுக்காரருக்கு அது எப்படித் தெரியுமோ, பெங்களூர்க்காரருக்குச் சட்டென்று தெரியும்: திருஷ்டி படாமல் இருக்க வண்டி பம்பரில் முடிக்கயிறு கட்டுகிறோமே, அதே கயிறு. கோயிலில் யாரோ காணிக்கையாகக் கொடுத்த முடி, யாரோ ஒருவரின் பயத்துக்குக் காப்புக் கயிறாகி, ஓடும் வண்டியில் கட்டப்படுகிறது. எனக்குத் தினமும் ஆட்டோ ஸ்டாண்டில் கண்ணில் பட்டது அது. அவர் ஒன்றும் சேர்க்கவில்லை என்றே நினைக்கிறேன், அந்தக் கயிற்றுக்குள் ஏற்கெனவே இருந்த எடையைத் தூக்கி நிறுத்தினார்.

இதைப் பார்த்துவிட்டு என் ஊருக்குத் திரும்பினால் என்ன பொருள் கண்ணில் படும் என்று நினைக்கிறீர்கள்? மண்தான். கே.ஜி.எஃப்-இல் 13 குன்றுகள் இருக்கின்றன, இயற்கைக் குன்றுகள் இல்லை. பாறையைப் பொடியாக்கி, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்த பிறகு கொட்டிய கழிவு, 3 கோடி டன்னுக்கு மேல். சயனைடு மலை என்போம். வெளிறிய மஞ்சள் நிறம், மாவு மாதிரி மெலிசு. நிறமி என்ற முறையில் பார்த்தால் அற்புதமானது. "உன் ஊர் மண்ணையே பூசு, படம் பேசும்" என்று பலர் சொன்னார்கள். மெழுகுப் படத்தின் மேல் அதைத் தூவிப் பிசின் தெளித்தால் எப்படி இருக்கும் என்று எனக்கே மனதில் தெரிந்தது.

செய்ய மாட்டேன் என்று முடிவெடுத்தேன். காற்று அடிக்கும் மாதங்களில் அந்தத் தூசி வீட்டுச் சோற்றில் விழுகிறது. இந்தியாவில் சிலிகோசிஸ் நோயைப் பற்றிய தொடக்ககாலப் பதிவுகள் கோலார் சுரங்கத்திலிருந்து வந்தவை. துளையிடும்போது பறக்கும் சிலிகா துகள் நுரையீரலில் படிந்து, திசுவைத் தழும்பாக்கி, மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிடும். எங்கள் தெருவில் மாலை நேரத்து இருமலை வைத்தே எந்த வீட்டுத் தாத்தா வாசலில் உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்லலாம். உடம்புக்குள் போன தூசியைச் சட்டம் போட்டு மாட்டி, நல்ல டெக்ஸ்சர் என்று யாரோ பாராட்டுவதைக் கேட்க என்னால் முடியாது. ஸ்டுடியோவில் அதைக் கையாளுவதும் ஆபத்து, அது தனி. ஆனால் ஆபத்தில்லாவிட்டாலும் மாட்டேன்.

அதற்குப் பதில் கிடைத்தது காவி. லைன் வீட்டுத் தரை ரெட் ஆக்சைடு போட்ட சிவப்புச் சிமென்ட் தரை, பெங்களூர்ப் பழைய வீடுகளிலும் அதேதான். ஹார்டுவேர் கடையில் கிலோக் கணக்கில் கிடைக்கும் இரும்பு ஆக்சைடு பொடி. நாட்டு மருந்துக் கடையில் கருவேலம் பிசின் வாங்கி, இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டி, அதில் இந்தப் பொடியைக் குழைத்தால் நல்ல நீர்வண்ணம். வெயிலில் வெளுக்காது. ஷிஃப்ட் முடிந்து வந்து தாத்தா வெறும் உடம்போடு படுத்துக் கிடந்த தரை அது, குளிர்ச்சிக்காக. ஆயா வாரம் ஒருமுறை தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைத்த தரை. "எழுந்து வந்தாரே, அத்த வரைஞ்சிக்கோ" என்று ஆயா சொன்னது இந்தத் தரையைத்தான் என்று எடுத்துக்கொண்டேன். மேலே உள்ள உலகம் முழுக்கக் காவியில், கீழே உள்ளது மெழுகிலும் மையிலும். இரண்டு வண்ணம் போதும்.

மூன்றாவதாகத் துணி. ஆயாவின் பழைய நூல் சேலை, கிழிந்து கரித்துணியாகப் போகவிருந்தது. காகிதம் மடிப்பில் கிழியும் இடங்களில் பின்புறம் அதை ஒட்டுகிறேன். ஃபெவிகால் காய்ந்தால் விறைத்துவிடும், பிறகு பிரிக்கவும் முடியாது. மைதாப் பசைதான் வைக்கிறேன், பூச்சி வராமல் இருக்கச் சிட்டிகை மயில்துத்தம் கலந்து. பைண்டிங் செய்கிறவர்களின் பழைய வழக்கம், காட்டன்பேட்டையில் ஒரு பைண்டர் சொல்லிக் கொடுத்தார். மயில்துத்தம் விஷம், கை கழுவாமல் எதையும் தொடாதீர்கள் என்றும் சேர்த்துச் சொன்னார். தாத்தாவின் சம்பளச் சீட்டுகளும் வீட்டில் உண்டு. அவற்றை வெட்டி ஒட்டவில்லை. நகல் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எண்களைக் கையால் எழுதிக்கொள்கிறேன். அசல் டிரங்குப் பெட்டியிலேயே இருக்கட்டும், பென்ஷன் விவகாரம் இன்னும் முடியாத வீடுகள் எங்கள் தெருவில் இருக்கின்றன.

இந்த நகரத்தில் ஓவியம் படிப்பதில் எனக்குப் பெரிய சந்தோஷம், நடந்தே போய்ப் பார்க்க இவ்வளவு இருக்கிறது என்பது. அரண்மனை ரோட்டில் மாணிக்கவேலு மாளிகை, 2009 முதல் தேசிய நவீன கலைக்கூடம். கஸ்தூர்பா ரோட்டில் வெங்கடப்பா கலைக்கூடம், அதே ரோட்டில் 2023-இல் திறந்த கலை மற்றும் புகைப்பட அருங்காட்சியகம். வெங்கடப்பா, மைசூர் அரசவை ஓவிய மரபிலிருந்து கல்கத்தா போய் அவனீந்திரநாத் தாகூரிடம் கற்றவர். ஊட்டியையும் கொடைக்கானலையும் நீர்வண்ணத்தில் அவர் செய்தவற்றின் முன்னால் நின்றால் மூடுபனியை எப்படித் தொடாமல் விட்டார் என்று புரிய நேரமாகும். காகிதத்தின் வெள்ளையை விட்டுவைப்பதில் அவர் பிடிவாதம் தெரிகிறது. மெழுகால் வெள்ளையைக் காக்கும் எனக்கு அது பாடம். சோம்நாத் ஹோர் 1970-களில் செய்த 'காயங்கள்' வரிசையை இன்னும் நேரில் பார்க்கவில்லை, புத்தகத்தில்தான் பார்த்தேன். வெள்ளைக் காகிதக் கூழிலேயே கீறலும் வடுவும், மையே இல்லை. ஒரு பெரிய துன்பத்தை இவ்வளவு குறைத்துச் சொல்ல முடியுமா என்று அன்று தூக்கம் வரவில்லை.

ஜனவரியில் சித்ரகலா பரிஷத் நடத்தும் சித்ர சந்தையில், குமாரகிருபா ரோடு முழுக்கப் படங்கள் தரையிலும் வேலியிலும் மரத்தடியிலும் இருக்கும். குடும்பம் குடும்பமாக வந்து விலை கேட்பார்கள். நானும் தோழிகளோடு இடம் பிடித்து உட்கார்ந்தேன். மெழுகுப் படங்களை வைத்தேன், விற்பனைக்கு அல்ல என்று எழுதி. விற்க ரயில் கைகளின் சிறிய பிரின்ட்கள் இருந்தன, அவை போயின. மெழுகுப் படங்கள் முன் நின்றவர்கள் குறைவு. "வீட்ல மாட்ட முடியாதும்மா, மனசு கனத்துடும்" என்றார் ஒரு பெண், அன்பாகத்தான். ஒரு பெரியவர் மட்டும் வெகுநேரம் நின்றார். உரிகத்தில் இருந்தவராம், இப்போது மகன் வீட்டில். படத்தில் இருந்த விளக்கைக் காட்டி, அது நெற்றியில் இன்னும் கொஞ்சம் தாழ்ந்து இருக்கணும் என்றார். சரி செய்துவிட்டேன்.

இப்போது செய்துகொண்டிருப்பது ஒரு நீண்ட சுருள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் சுமார் 3,200 மீட்டர் ஆழம் போனது. ஒரு மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் என்று வைத்தால் காகிதம் 3.2 மீட்டர். அந்த அளவில் தாத்தாவின் உயரம் ஒன்றரை மில்லிமீட்டர் சொச்சம், ஊசி முனை போடும் புள்ளி. ஒரே நேர்க்கோடாகவும் அது இருக்காது. ஒரு ஷாஃப்டில் கேஜில் இறங்கி, நடந்து போய், அடுத்த ஷாஃப்டில் மறுபடி இறங்கி, மறுபடி நடந்து என்று படி படியாகத்தான் அடிக்குப் போக முடியும். மேலே இரண்டு விரல் அகலத்துக்குக் காவி, அதற்குக் கீழே முழுக்க மெழுகும் மையும். சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், 1965-இல், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானிகள் உள்ளிட்ட குழு காற்று மண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோக்களை முதன்முதலில் கண்டறிந்தது அதே சுரங்கத்தில்தான். மேலே இவ்வளவு பாறை இருந்தால்தான் மற்றத் துகள்கள் தடைபட்டு நியூட்ரினோக்கள் மட்டும் வந்து சேரும். சுருளில் அந்த இடத்தில் காகிதத்தையே ஊசியால் குத்தி ஒரு துளை விட்டிருக்கிறேன், பின்னால் விளக்கு வைத்தால் தெரியும்.

லெவல்களின், அதாவது சுரங்கத்தின் ஆழ அடுக்குகளின், எண்களைப் போட ஆரம்பித்தபோதுதான் சிக்கல். தாத்தாவுக்குத் தான் வேலை செய்த லெவல்கள் நினைவிருக்கின்றன, மற்றவை குழம்புகின்றன. அதனால் மே மாதம் சுருளை ஊருக்கு எடுத்துப் போகிறேன். எங்கள் லைனில் இரண்டு வீட்டுத் திண்ணையைச் சேர்த்தால் விரிக்க இடம் வரும். இன்னும் இருக்கிற பெரியவர்களை வரச் சொல்லியிருக்கிறார் தாத்தா. ஆளுக்கு ஒரு ஊசி கொடுத்துவிடுவேன். யார் எந்த ஆழத்தில் வேலை செய்தார்களோ அங்கே அவரவரே குத்திக்கொள்ளட்டும்.